நின்றால் அணையும் விளக்கு

போன மாதம் பஸ் டிப்போவுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு டிப்போவில் என்ன வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். அங்கே டீ நன்றாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பணிமனையில் ஒரு வண்டி நின்றது. டிரைவருக்கு எதிரே வரிசையாக விளக்குகள். அவற்றில் ஒன்றின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஏன் என்று அங்கிருந்த எலக்ட்ரீசியனைக் கேட்டேன்.

"அது சும்மா எரியும் சார். டிரைவருங்க டென்ஷன் ஆவுறாங்கன்னு ஒட்டிட்டோம்," என்றார்.

நான் வண்டிகளில் கரண்டு வேலை பார்த்தே தலை நரைத்தவன். சும்மா எரிந்து விழும் மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சும்மா எரிந்த விளக்கை ஒரு நாளும் பார்த்ததில்லை. அதைச் சொன்னதும் நாலு பேர் டயர்களின் மேல் உட்கார்ந்துகொண்டு, "சொல்லுங்க சார்" என்றார்கள். சொல்ல ஆரம்பித்தேன். என் பஸ் வந்துவிட்டது, பாதியில் எழுந்து போனேன். மறுபாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு அந்த டேப்பைக் கிழித்தால் போதும்.

எனக்கு ஊர் செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம். நைனா, அதாவது என் அப்பா, அடுத்தவர் நிலத்தில் நெல்லும் மணிலாக் கடலையும் விளைவித்தவர். எங்களுக்கென்று இருந்த நிலம் வீடு நின்ற இடம் மட்டும்தான், அதுவும் எங்களுடையதா என்பது சந்தேகம். இரண்டாம் உலக யுத்தம் வந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். எந்தத் தெரு என்று கேட்காமல் மார்பை மட்டும் அளந்த முதல் இடம் அதுதான். ஜபல்பூரில் எட்டு மாதம் லாரிகளின் கரண்டு வேலை கற்றேன். பிறகு அஸ்ஸாம் பக்கம் சேற்றில் இரண்டு வருஷம். யுத்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். வரும்போது இரண்டு காக்கிச் சட்டை, ஒரு சர்ட்டிபிகேட், ஒரு டெஸ்ட் விளக்கு கொண்டுவந்தேன். டெஸ்ட் விளக்கு என்றால் பெரிதாக எதுவும் நினைக்க வேண்டாம். ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். கரண்டு இருக்கிற இடத்தில் வைத்தால் எரியும், இல்லாத இடத்தில் எரியாது. அது பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

செஞ்சியில் ஒரு முதலாளி மூன்று பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். மணிலா மில்லும் அவருடையதுதான். செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைக்கு எதிரே ஓலை வேய்ந்த ஷெட். அங்கே எலக்ட்ரீசியனாகச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் அந்த ஷெட்டில் எலக்ட்ரீசியன் என்று யாரும் இருந்ததில்லை. கரண்டு கோளாறு வந்தால் ஒயரைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்களாம், எரிந்தால் விட்டுவிடுவார்களாம்.

ஷெட்டுக்கு ஃபோர்மன் வேங்கடாசலம். அவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி, காதில் பென்சில், கையில் ஒரு பள்ளிக்கூடத்து சிலேட்டு. டிரைவர்கள் சொல்லும் கோளாறெல்லாம் அந்தச் சிலேட்டில் ஏறும். பார்த்து முடித்ததும் பக்கத்தில் ஒரு டிக். சனிக்கிழமை மாலை சிலேட்டைத் துடைத்துவிடுவார். ஒரு வாரத்துக் கோளாறு அடுத்த வாரத்துக்குப் போகக் கூடாது என்பது அவர் சட்டம். இரண்டு ஒயரை ஒரே நேரத்தில் கழற்ற விடமாட்டார். ஒன்றைக் கழற்றி, அதில் நூல் முடிந்து, பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். முதல் ஒயருக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு. பட்டாளத்தில்கூட இவ்வளவு ஒழுங்கை நான் பார்க்கவில்லை. அந்த நூல் முடிச்சை வேலையில் இருந்தவரை நான் விடவில்லை.

அவர் யாரையும் திட்டியதில்லை. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. டயர் வேலை பார்ப்பவர் "டயரு", நான் "கரண்டு". நான் அவரை "சார்" என்பேன். பட்டாளத்தில் கற்றுக்கொண்ட அந்தச் சொல் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. எங்கள் தெரு ஆட்கள் ஊரில் அவரைப் போன்றவர்களை வேறு விதமாகக் கூப்பிட வேண்டியிருந்தது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. எனக்கு ஸ்பானர் கொடுக்க வேண்டுமென்றால் பெஞ்சின் மேல் வைப்பார், நான் எடுத்துக்கொள்வேன். நான் திருப்பிக் கொடுக்கும்போது பெஞ்சின் மேல் வைப்பேன், அவர் எடுத்துக்கொள்வார். ஷெட்டில் எல்லாரும் என்னிடம் அப்படித்தான் செய்தார்கள். அந்தப் பெஞ்சு ரொம்ப உழைத்தது.

அப்படிச் செய்யாதவர் ஒருவர்தான், இரண்டாம் நம்பர் வண்டியின் டிரைவர் சவரிமுத்து. செஞ்சிக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக் கிறிஸ்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டீ வாங்கி வந்தால் டம்ளரை என் கையில்தான் கொடுப்பார். அதைப் பெரிய காரியமாக அவர் நினைத்ததாகவும் தெரியவில்லை. சூடாக இருக்கிறது, சீக்கிரம் வாங்கு என்பார்.

அந்த வருஷம் ஆயுத பூசை வந்தது. வண்டிகளைக் கழுவினார்கள். ஷெட் நடுவில் பலகை போட்டு ஜாக்கி, சம்மட்டி, ஸ்பானர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்கள். நான் வாசல் பக்கம் நின்றேன். அது என் இடம் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரியும். ஃபோர்மன் பலகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டயரோடது வந்தாச்சி. பெயின்டோடது வந்தாச்சி. கரண்டோடது எங்க?"

"டெஸ்ட் விளக்கு இருக்குது சார்."

"பல்ப வெச்சி எப்படிடா கும்புடறது? அந்த டைனமோ பெட்டிய கழட்டி எடுத்தா. அதான் வண்டிக்கு மூளைன்னு சொன்னியே."

அந்தப் பெட்டியைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் புரியாது. டைனமோ எஞ்சினோடு சுற்றிக் கரண்டு உண்டாக்கும். அந்தக் கரண்டை அளவு பார்த்து பாட்டரிக்கு விடுவது ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு கையால் மூடலாம், அவ்வளவு பெரிது. எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டில் இரண்டு ஸ்க்ரூ போட்டு அதை முடுக்கியிருக்கும். வண்டியில் கரண்டு ஒயர் வழியாகப் போய், வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்புகிற வழியைத்தான் எர்த் என்கிறோம். இரண்டாம் நம்பர் வண்டி பழசு, அதில் பெட்டிக்கு எர்த் ஒயர் தனியாகக் கிடையாது. பெட்டியின் முதுகு தகட்டில் ஒட்டி உட்காரும், அதுதான் எர்த்.

அந்த வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்தேன், அதாவது பெஞ்சின் மேல் வைத்தேன். ஃபோர்மன் எடுத்துத் துடைத்து, மூன்று விரலால் சந்தனம் பூசினார். மூடியில் கம்பெனி எழுத்துகள் புடைத்திருந்ததால் சந்தனம் நிற்கவில்லை. திருப்பினார். முதுகு வழவழவென்று இருந்தது. அங்கே மூன்று கோடு இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, பலகையில் ஜாக்கிக்குப் பக்கத்தில் வைத்தார். பூசணிக்காய் உடைத்தார்கள். மறுநாள் காலைவரை ஆயுதத்தைத் தொடக் கூடாது. மறுநாள் நான் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் இரண்டாம் நம்பர் வண்டியில் பழையபடி முடுக்கினேன்.

ஒரு வாரம் கழித்து சவரிமுத்து அண்ணன் ஷெட்டுக்கு வந்து, "சேப்பு விளக்கு எரியுது" என்றார்.

இந்தச் சிவப்பு விளக்கு டிரைவருக்கு எதிரே இருக்கும். சாவியைத் திருப்பினால் எரியும். எஞ்சின் பிடித்து டைனமோ கரண்டு கொடுக்க ஆரம்பித்ததும் அணைந்துவிடும். ஓடும்போது எரிந்தால் பாட்டரிக்குக் கரண்டு போகவில்லை என்று பொருள்.

"எப்ப எரியுது?" என்றார் ஃபோர்மன்.

"அவலூர்ப்பேட்டை ரோட்டுல ஓடச்சொல்ல எரியுது. வண்டிய நிறுத்துனா அணைஞ்சிடுது."

ஃபோர்மன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடியும் காதிலேயே வைத்தார். "நின்னா எரியும், ஓடுனா அணையும். உலகத்துல இருக்கற வண்டியெல்லாம் அப்படித்தான். நீ தலைகீழா சொல்ற."

"நான் சொல்லலீங்க. விளக்கு சொல்லுது."

வண்டியை ஷெட்டுக்குள் நிறுத்தி எஞ்சினைப் போட்டார்கள். விளக்கு அணைந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தார்கள், எரியவில்லை. ஃபோர்மன் பதினைந்து நிமிஷம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு சிலேட்டில் டிக் போட்டார். அந்த வாரமும் அடுத்த வாரமுமாக சவரிமுத்து நாலு தடவை சொன்னார். நாலு தடவையும் வண்டி ஷெட்டுக்குள் நின்றது, நாலு தடவையும் விளக்கு ஒழுங்காக அணைந்தது, நாலு டிக் விழுந்தது. சனிக்கிழமை வந்ததும் டிக்குகளும் அழிந்தன. ஃபோர்மனைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்ததை எழுதுகிறவர் அவர். என்னை ஒயரெல்லாம் பார்க்கச் சொன்னார். முடிச்சுப் போட்டுப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். அதன் முதுகைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் தடவைக்குப் பிறகு ஷெட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. சவரிமுத்துவுக்கு விளக்கு எரிவது கண்ணுக்குள்ளேதான், சாயந்திரமானால் இரண்டு விளக்காகக்கூடத் தெரியும் என்றார்கள். அவர் கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஒரு டம்ளர் திராட்சை ரசம் குடிப்பவர்.

அதற்குள் பாட்டரி கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. வண்டியைத் தினமும் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்புவார்கள். ஹாரனோ ரப்பர் பந்து. பாட்டரி இளைத்ததைச் சொல்ல அந்தச் சிவப்பு விளக்கை விட்டால் வேறு நாதி இல்லை.

ஐப்பசியில் முதலாளியின் தம்பி மகளுக்குக் கல்யாணம். பெண் செஞ்சி, மாப்பிள்ளை அவலூர்ப்பேட்டை. முகூர்த்தம் ஒன்பதுக்கு. மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வர இரண்டாம் நம்பர் வண்டி போனது. வரும் வழியில், சிங்கவரம் பிரிவுக்கு மூன்று மைல் இருக்கும்போது எஞ்சின் இருமியது, நின்றுவிட்டது. கைப்பிடி போட்டுச் சுற்றினார்கள். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கப் பாட்டரியில் துளிக் கரண்டுகூட இல்லை. மாப்பிள்ளையின் மாமன்மார் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். மழை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை மணிலா மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்றில், மூட்டை மேல் உட்கார்ந்து, பதினொன்றரை மணிக்குச் செஞ்சி வந்து சேர்ந்தார். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பன்னிரண்டுக்கு இன்னொரு முகூர்த்தம் கண்டுபிடித்தார். அந்தத் தம்பதிக்கு ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள் என்று கேள்வி. ஜோசியர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை முதலாளி ஷெட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டோம்.

"குடிச்சிருந்தியா?" என்று சவரிமுத்துவைக் கேட்டார்.

"இல்லீங்க. விளக்கு எரியுதுன்னு நாலு வாட்டி சொன்னேன்."

முதலாளி ஃபோர்மனைப் பார்த்தார். "நாலு தடவ சொன்னான். நாலு தடவயும் பார்த்தேன். விளக்கு சரியா இருந்துது," என்றார் ஃபோர்மன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சவரிமுத்து அண்ணனுக்கு எதிராக அதைவிடப் பெரிய சாட்சியும் இல்லை.

"காலையில ஒயரெல்லாம் முடுக்கிப் பாக்கறது டிரைவர் வேல. பாக்கல. எங்க மாப்பிள்ளைய மூட்ட மேல ஒக்கார வெச்சிட்ட. சனிக்கிழமையோட நின்னுக்கோ. மோட்டார் இன்ஸ்பெக்டருக்கும் எழுதறேன், லைசென்ஸ வெச்சிக்கினு வேற எங்கயும் போயி ஓட்டாத."

முதலாளி எழுந்து போனார். சவரிமுத்து அண்ணன் வெளியே வந்து ஃபுட்போர்டில் உட்கார்ந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். பட்டாளத்திலிருந்து திரும்பிய டிரைவர்கள் வேலை தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த காலம் அது.

"லைசென்ஸ் போச்சின்னா மறுபடியும் ஏர் புடிக்கணும் ஏழுமல," என்றார், என்னைப் பேர் சொல்லி. பிறகு, "அதுவும் யார் ஏரு?" என்றார். அந்தக் கேள்வியைச் சின்ன வயதிலிருந்து என் வீட்டில் கேட்டவன் நான்.

ஃபோர்மனிடம் போனேன். "சார், ஷெட்டுல பார்த்தா அது தெரியாது. ஓடுற வண்டியில பாக்கணும்."

"ஓடுற வண்டியில எங்க ஒக்காந்து பாப்ப?"

"மட்கார்டு மேல."

"விழுந்துட்டா?"

"புடிச்சிக்குவேன் சார்."

"சனிக்கிழமக்குள்ள ஒரு நடை போய் பாரு. நானும் வர்றேன். விழறதுன்னா சொல்லிட்டு விழு," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். வேறு வண்டியின் பாட்டரியை மாற்றி வைத்திருந்தேன். ஆட்களுக்குப் பதில் மணிலா மூட்டைகளை ஏற்றிக்கொண்டோம். சவரிமுத்து ஓட்டினார். ஃபோர்மன் பின்னால் முதல் சீட்டில் சிலேட்டோடு உட்கார்ந்தார். வண்டி ஓடி அவர் உள்ளே உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் பானெட்டின் ஒரு பக்கக் கதவைத் தூக்கிக் கயிற்றால் கட்டிவிட்டு, மட்கார்டின் மேல் ஒரு காலை மடித்து உட்கார்ந்தேன்.

சிங்கவரம் பிரிவுவரை ரோடு நன்றாக இருந்தது. "அணைஞ்சிருக்குது," என்றார் அண்ணன். அதைத் தாண்டினால் மணிலா வண்டிகள் உழுத ரோடு. வண்டி குலுங்க ஆரம்பித்தது.

"எரியுது!" என்று கத்தினார். "அணைஞ்சிடுச்சி. எரியுது. எரியுது!"

பின்னால் ஃபோர்மன் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "வேகம் ஏத்து," என்றார். ஏற்றினார். விளக்கு இன்னும் நன்றாக எரிந்தது. ஃபோர்மன் கம்பியை விடாமல் நின்றுகொண்டே வந்தார்.

நான் அங்கேதான் யோசித்தேன். வேகம் ஏற ஏற விளக்கு பிரகாசமாகிறது என்றால் டைனமோ கெட்டுப்போகவில்லை, அது மும்முரமாக வேலை செய்கிறது. சிவப்பு விளக்கு டைனமோவுக்கும் பாட்டரிக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் பலம் சமமாக இருந்தால் அணைந்திருக்கும். ஒரு பக்கம் ஓங்கினால் எரியும். வழக்கமாக டைனமோ பக்கம் இளைத்துத்தான் எரியும். இங்கே டைனமோ பக்கம் ஓங்கி எரிகிறது. கரண்டு வந்து நிற்கிறது, பெட்டி கதவைத் திறந்துவிடவில்லை. பெட்டிக்கு எர்த் கிடைக்காவிட்டால்தான் அப்படி நடக்கும்.

டெஸ்ட் விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கி ஒன்றாக்கினேன். ஒரு முனையைப் பெட்டியின் உடம்பில் அழுத்தினேன். மறு முனையை எஞ்சினின் இரும்பில் வைத்தேன்.

"அணைஞ்சிடுச்சி!" என்றார் அண்ணன்.

எடுத்தேன். "எரியுது!" வைத்தேன். "அணைஞ்சிடுச்சி!" பத்துத் தடவை செய்தேன். பத்துத் தடவையும் அவர் சலிக்காமல் கத்தினார். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். குலுங்கலுக்காகத் தலைக்கு அடியில் தோல் வாசர் போட்ட ஸ்க்ரூக்கள், தோல் வழியாகக் கரண்டு போகாது. நிற்கும்போது அவற்றின் பக்கம் பெட்டியின் ஓட்டையில் சாய்ந்து தொட்டுக்கொண்டிருக்கும், குலுங்கினால் விட்டுப் போகும். ஷெட்டில் நாலு டிக் விழுந்ததற்குக் காரணம் அதுதான். பெட்டியைத் திருப்பினேன்.

காய்ந்து ஓடாகிப்போன சந்தனம். மூன்று விரல் கோடு, நடுவில் குங்குமம். எல்லாம் அப்படியே இருந்தது.

இதை இவ்வளவு நாளும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை, டிப்போவிலும் சொல்லவில்லை. பூசைக்கு மறுநாள் நான் பெட்டியை முடுக்கியபோது என் இடது கையில் துணி இருந்தது. முதுகு சுத்தமான இரும்பாக இருக்க வேண்டும் என்று ஜபல்பூரில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்குத் தெரியும். துணியைக் கொண்டுபோனேன், துடைக்க மனசு வரவில்லை. என்னைச் சேர்ந்த ஒரு பொருளுக்கு யாரும் சந்தனம் வைத்து நான் பார்த்ததில்லை. பலகையில் ஜாக்கிக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்ததை வாசலில் நின்று அன்று முழுக்கப் பார்த்திருந்தேன். அதை ஒரு அழுக்குத் துணியால் துடைப்பதா? மெல்லிசாகத்தானே இருக்கிறது, ஸ்க்ரூ முடுக்கினால் அழுந்திவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எலக்ட்ரீசியன் அப்படிச் சொல்லமாட்டான். சந்தோஷப்பட்டவன் சொன்னான்.

இப்போது ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். துண்டை எடுத்து இரண்டு தேய்த்தால் போதும். ஒயர் லூஸ் என்று சொல்லிவிடலாம். வண்டி ஓடும், ஃபோர்மன் டிக் போடுவார், என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். ஆனால் ஒயர் முடுக்குவது டிரைவர் பொறுப்பு. அண்ணன் நாளைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

"இன்னா ஏழுமல, இன்னா இருக்குது?" என்று சீட்டிலிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணா" என்பது நாக்கு நுனியில் இருந்தது. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. இந்த வேலை போனால் நானும் நைனாவோடு வயலில் இறங்க வேண்டியவன். ஆனாலும், "நான் செஞ்ச வேலதாண்ணா இருக்குது," என்று சொல்லிவிட்டேன்.

ஃபோர்மன் இறங்கி வந்தார். பெட்டி ஒயர்களோடு என் கையில் இருந்தது. அதன் முதுகைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். தன் மூன்று விரல்களை அந்த மூன்று கோடுகளுக்கு நேரே, தொடாமல், பிடித்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது.

"தொடைக்காம முடுக்குனது நான்தான் சார். தெரிஞ்சேதான் முடுக்கினேன்."

"ஏன் தொடைக்கல?"

நான் குங்குமத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் கேட்கவில்லை.

"இப்பவும் தொடைக்காத. இப்படியே கொண்டா," என்றார்.

பெட்டியின் உடம்பிலிருந்து எஞ்சினுக்கு அந்த முறுக்கிய ஒயரைக் கட்டிவிட்டு, பெட்டியைக் கையில் பிடித்தபடி மட்கார்டில் உட்கார்ந்து செஞ்சிவரை வந்தேன். விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை.

முதலாளிக்கு ஆள் போயிற்று. வந்து பெட்டியைப் பார்த்தார், கதையைக் கேட்டார். முகம் சிவந்தது.

"சந்தனம் வெச்சதால வண்டி நின்னுதுங்கறியா? நீ வந்து சாமிய குத்தம் சொல்றியா?"

அந்த "நீ"யில் என்னென்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"சந்தனத்து மேல குத்தம் இல்லீங்க. தொடைக்காத கை மேல குத்தம். டிரைவர் நாலு வாட்டி சொன்னதும் நெசம், விளக்கு சொன்னதும் நெசம்," என்றேன்.

"இவன இப்பவே வெளிய அனுப்பு," என்றார் முதலாளி.

ஃபோர்மன் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "வெச்சது நானுங்க. மூடியில வெச்சிருக்கணும், முதுகுல வெச்சேன். ஷெட்டுக்குள்ளயே பார்த்து டிக் போட்டதும் நான்தான். அனுப்பறதுன்னா என்னையும் சேத்து அனுப்பணும்." பென்சில் முனையை ஊதினார். "ரெண்டு பேரும் போயிட்டா நாளைக்கு மூணு வண்டியும் நிக்கும். அப்பறம் உங்க இஷ்டம்."

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து, "அந்த டிரைவர காலையில வண்டி எடுக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பு என்று எதுவும் அதில் இல்லை. சவரிமுத்து அண்ணன் அதை மன்னிப்பாகவே எடுத்துக்கொண்டார். என் தோளைப் பிடித்து அழுத்திவிட்டு, டீ வாங்கப் போனார்.

ஃபோர்மன் என்னை ஒரு மாதம் டயர் வேலைக்குப் போட்டார். அது நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தெரியாமல் செய்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம், தெரிந்து செய்தவன் டயர் கழற்றட்டும். அந்த மாதத்திலிருந்து அவர் ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டார். ஓடும்போது வரும் கோளாறு என்று டிரைவர் சொன்னால், சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவார். வெள்ளை வேட்டி வெள்ளையாக இருந்த நாட்கள் குறைந்தன.

அடுத்த வருஷம் சுதந்திரம் வந்தது. ஷெட்டில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கு உரியதைப் பெஞ்சின் மேல் வைத்தார்கள். எடுத்துக்கொண்டேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஆயுத பூசை. பலகை போட்டார்கள். ஜாக்கி, சம்மட்டி எல்லாம் வந்தன. நான் வாசலில் என் இடத்தில் நின்றேன், பக்கத்தில் சவரிமுத்து அண்ணன். என் பெட்டியைக் கேட்கமாட்டார்கள் என்று நிச்சயமாக நினைத்திருந்தேன்.

"கரண்டு," என்று கூப்பிட்டார் ஃபோர்மன். "பெட்டி எங்க?"

கழற்றிக்கொண்டு போய்ப் பெஞ்சின் மேல் வைத்தேன்.

"பலகையில வை."

பலகைக்குப் பக்கத்தில் நான் அதுவரை போனதில்லை. போய் வைத்தேன். திரும்பி வாசலுக்கு நடந்தேன்.

"எங்க போற? எதுல வெக்கலாம், எதுல வெக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாது. நீயே வை," என்று சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

அவர் அதைப் பெஞ்சின் மேல் வைப்பார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் வைக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"புடிடா. கை வலிக்குது," என்றார்.

அவர் கையிலிருந்து வாங்கினேன். பெட்டியின் மூடியில் மூன்று விரலால் கோடு இழுத்தேன். எழுத்துகள் புடைத்திருந்ததால் சந்தனம் சரியாக நிற்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன்.